படகுக்குத் தனிக் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்தேன். காற்று, நீரோட்டம், எந்த மாதம் எந்தக் கடல் என்று எல்லாம் அருமை. சுங்கத்தைப் பற்றித்தான் பேச்சே இல்லை. உனக்கு அந்தப் படகு வீடு. கரையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கோ அது இன்னும் தீர்வை கட்டாத சரக்கு.

நீ அதிக நாள் இருக்கப்போவது மத்தியதரைக் கடலில் என்பதால் அதையே சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவான படகு, வெளியே குடியிருப்பவரின் சொந்த உபயோகத்துக்கு என்றால், வரியில்லாமல் 18 மாதம் இருக்கலாம். தாண்டினால் படகின் மதிப்புக்கே வரி கேட்பார்கள். வாட் எனும் மதிப்புக்கூட்டு வரி மட்டுமே மால்டாவில் 18 சதவீதம், கிரீஸில் 24, குரோஷியாவில் 25. ஒரு லட்சம் யூரோ பெறுமான படகு கிரீஸில் மாட்டினால் 24,000 யூரோ போச்சு!

நல்லவேளையாக, ஒன்றியத்தை விட்டு துருக்கிக்கோ துனிசியாவுக்கோ போய்த் திரும்பினால் 18 மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஆனால் போனதாக நீ சொன்னால் போதாது, காகிதம் பேச வேண்டும். அந்த நாட்டுச் சுங்க முத்திரை, படகின் பெயரும் தேதியும் போட்ட படகுத்துறை (மெரினா) ரசீது, டீசல் பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வை. வெயிலில் மை மங்கும் ரசீதுகளைப் போட்டோவும் எடுத்துவிடு.

இதை உன் விசாவோடு குழப்பிக்கொள்ளாதே. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதியில் உனக்கு 180 நாளில் 90 நாள்தான். படகு தங்கலாம், நீ கிளம்பியாக வேண்டும். நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். இன்னொன்று, நடுவில் செலவுக்கு ஆகுமே என்று படகை வாடகைக்கு விடாதே. வரிச் சலுகை தனி உபயோகத்துக்கு மட்டும்தான்.

பசிபிக் பக்கம் போனால் கணக்கே வேறு. பிரெஞ்சு பாலினேசியாவில் 36 மாதம், நியூசிலாந்தில் 24 மாதம். நியூசிலாந்துக்குப் போய்ச் சேர 48 மணி நேரம் முன்பாவது தகவல் கொடுத்துவிட வேண்டும், அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தால் அதற்கும் தனி விசாரணை. கிளம்பிய துறைமுகத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அடுத்த நாட்டில் பேச்சே எடுபடாது. எங்கே போனாலும், நுழைய அனுமதி கேட்பதற்கு அடையாளமான மஞ்சள் கொடியை ஏற்று, அனுமதி கிடைக்கும்வரை யாரையும் கரையில் இறக்காதே.

மதுவும் சிகரெட்டும் சலுகை அளவுக்கு மேல் இருந்தால் நீயாகவே சொல்லிவிடு. சில இடங்களில் அலமாரியில் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். அந்த நாட்டுக் கடலைத் தாண்டும்வரை அதைத் தொடாதே, விருந்தாளி வந்தாலும் சரி. அப்புறம், என்ஜின் பாகம் ஏதாவது வரவழைத்தால் பார்சல் மேல் படகின் பெயரையும் 'பயணத்தில் இருக்கும் படகுக்கான உதிரி பாகம்' என்றும் எழுதச் சொல். பல நாடுகளில் தீர்வை மிச்சமாகும்.

படகின் பதிவுச் சான்று, வாங்கிய பில் இரண்டின் நகலையும் எனக்கு இந்த வாரமே அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா