உளவியல் அடிப்படைகளைத் திருப்பிப் படிக்கும் முறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு நெருங்கும் வேளையில் உளவியலின் தொடக்கப் பாடத்தைத் திருப்பிப் பார்க்கும் மாணவர்கள் பலர், வரையறைகளை அடிக்கோடிட்டு அவற்றையே மீண்டும் மீண்டும் வாசிக்கிறார்கள். நினைவைப் பற்றி அதே பாடம் சொல்வதைத் தங்கள் படிப்புக்குப் பொருத்திப் பார்க்குமாறு அவர்களிடம் யாரும் சொல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறந்துபோகின்றன என்பதை அளந்து ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885-இல் வெளியிட்டார். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வாசித்து முடித்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றும் உணர்வை நம்பித் தேர்வுக்குப் போகக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால், வரையறையைப் பாராமல் ஒப்பிப்பதும் போதாது. விரும்பாத ஒன்று நீங்குவதால் ஒரு செயல் வலுப்படுவதாகிய எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதும் விடைத்தாள்கள் ஆண்டுதோறும் வருகின்றன. கடையில் மிட்டாய் கேட்டு அழும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். தாய் வாங்கிக் கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. அழுததால் மிட்டாய் கிடைத்தது என்பதால் குழந்தை அடுத்த முறையும் அழும். இது நேர்மறை வலுவூட்டல். கொடுத்ததால் காதைத் துளைத்த அழுகை ஓய்ந்தது என்பதால் தாயும் அடுத்த முறை விரைந்து கொடுப்பார். இதுதான் எதிர்மறை வலுவூட்டல். இருவரின் செயலும் வலுப்படுகிறதே தவிர, யாருடைய செயலும் குறையவில்லை. செயலைக் குறைப்பதே தண்டனை. இந்த ஒரு காட்சியில் யார் எதைக் கற்றார் என்று தானே பிரித்துச் சொல்லிவிட்ட மாணவர் இவ்விரண்டையும் பிறகு எளிதில் குழப்பிக்கொள்ள மாட்டார்.

ஒட்டுறவும், அதாவது இரண்டு அளவுகள் சேர்ந்தே மாறும் தொடர்பும், அப்படியே. குறைவாகத் தூங்குபவர்களிடம் பதற்றம் மிகுதி என்று ஓர் ஆய்வு கண்டால், தூக்கக் குறைவு பதற்றத்தைத் தந்ததா, பதற்றம் தூக்கத்தைக் கெடுத்ததா, வேலைச்சுமை போன்ற மூன்றாவது காரணம் இரண்டையும் விளைவித்ததா என்று மாணவர் கேட்டுப் பழக வேண்டும். செய்திகளை வாசிக்கும் எவருக்கும் தேவையான பழக்கம் இது.

தங்கள் நாளிதழ் தேர்வுக்காலத்தில் வெளியிடும் மாதிரி வினாக்களில், 'வரையறு' என்று தொடங்கும் வினாக்களைக் குறைத்து, இத்தகைய சூழல்களைத் தந்து காரணம் கேட்கும் வினாக்களைச் சேர்க்குமாறும், விடைகளை மறுவாரம் வெளியிடுமாறும் அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியர் ஒருவர்