திரும்பி வந்த நோய்க்கும் சிகிச்சை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உணவுக்குழாய்ப் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை ஆபரேஷனோடு முடிந்துவிட்டது. அதன் பிறகும் நோய் திரும்பினால் என்ன வழி என்பதைத்தான் நான் தேடிப் படித்தேன். என் அண்ணனுக்கு அப்படித் திரும்பியது.

ஆபரேஷனுக்கு அடுத்த ஆண்டே அவருக்குக் குரல் கம்மிப்போனது. ஸ்கேனில், கழுத்தடியில் குரல் நரம்பை ஒட்டிய நெறிக்கட்டியில் நோய் தெரிந்தது. "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் கேட்ட முதல் கேள்வியே, "முன்னாடி கரண்ட் வெச்சிருக்கா?" என்பதுதான். கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் பேச்சுவழக்கில் கரண்ட் என்கிறார்கள். வைக்கவில்லை, நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவவும் இல்லை. அதனால் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்தே கொடுக்க முடிந்தது. ஏற்கெனவே அதே இடத்தில் முழு அளவு கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு இது அவ்வளவு எளிதல்ல.

ஏன் சேர்த்துக் கொடுக்கிறார்கள்? கதிர்வீச்சில் அடிபட்ட புற்றணுக்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள விடாமல் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் தடுக்கின்றன. அமெரிக்காவில் ஆபரேஷன் செய்யாத நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வின் நீண்டகால முடிவு 1999-ல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஒருவர்கூட ஐந்தாண்டு தாண்டவில்லை. கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில், கதிர்வீச்சின் அளவைக் குறைத்திருந்தும், 26 சதவீதம் பேர் தாண்டினார்கள். திரும்பி வந்த நோய்க்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இரண்டும் சேரும்போது பலன் கூடும் என்பதற்கு அது வலுவான சான்று.

சிகிச்சை லேசானதல்ல. முகத்துக்கும் கழுத்துக்கும் அச்செடுத்த வலைமுகமூடியை மாட்டி, அசையாமல் படுக்க வைப்பார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் இதுதான். பாதி சிகிச்சையிலேயே அண்ணனுக்கு எச்சில் விழுங்கினால் தொண்டை எரிந்தது. அண்ணி கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, உணவு செலுத்த வயிற்றில் பொருத்தியிருந்த குழாயில் சிரிஞ்சு வழியாகச் செலுத்துவார். ஒவ்வொரு முறையும் வெந்நீர் விட்டுக் குழாயைக் கழுவுவார். எடை குறையாமல் அவரைக் காத்தது அந்தக் குழாய்தான்.

இப்போது கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது. முழுக்கக் குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் இட்லியைப் பிசைந்து வாய்வழியே சாப்பிடுகிறார்.

ஒரு கதிர்வீச்சு மருத்துவரைக் கொண்டு இதைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி அறிக்கை, கரண்ட் வைத்திருந்தால் அதன் அளவு குறித்த தாள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

– ஒரு வாசகி, அரூர்