புல்லும் கொழுந்தும்

நானுஓயா

அன்பு மகனுக்கு,

அம்மாவும் நானும் நலம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல விரும்பவில்லை. "பூட்டன் காலத்தில் நம் ஆட்கள் துரைமாருக்குக் கோல்ஃப் பை சுமந்த இடத்தில், ஓய்வுபெற்ற பிறகு நீங்கள் போய்ப் புல் வெட்டவேண்டுமா?" என்றாய். உன் குரல் தழுதழுத்தது எனக்கும் கேட்டது.

உன் கேள்வி நியாயமானதுதான். நுவரெலியா கோல்ஃப் கழகம் 1889இல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று தொடங்கியது. அப்போது நம்மவர்கள் அங்கே கால்வைத்தது கூலியாகத்தான். அதை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. ஆனால் இன்று நான் அங்கே என்ன செய்கிறேன் என்று தெரிந்துகொண்டு பிறகு கோபப்படு.

முதல் பஸ்ஸில் போய், பத்து மணியோடு என் வேலை முடிந்துவிடுகிறது. பந்து போய் விழவேண்டிய குழி இருக்கும் இடத்தைக் கிரீன் என்கிறார்கள். அங்கே புல் சில மில்லிமீற்றர் உயரம்தான் இருக்கும். விடிந்ததும் நீளமான கம்பை வீசி அதன்மேல் இருக்கும் பனித்துளியை உதிர்ப்போம். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அடிக்கடி குழியின் இடத்தையும் மாற்றவேண்டும். ஒரே இடத்தில் எல்லோரும் மிதித்தால் புல் செத்துவிடும். 108 மில்லிமீற்றர் அகலத்தில் புதுக் குழி வெட்டி, அதிலிருந்து எடுத்த மண்கட்டியைப் புல்லோடு பழைய குழியில் வைத்து அடைப்போம். விரலால் தடவினால் ஒட்டுத் தெரியக்கூடாது. தோட்டத்தில் பிடுங்கிய தேயிலைக் கன்றை நடுகிறபோது வேர் மண் உதிராமல் பிடிப்போமே, அதே கை, அதே கவனம்.

பந்து உயரத்திலிருந்து விழுந்த இடத்தில் சின்னப் பள்ளம் உண்டாகும். வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் அதை அடியிலிருந்து கிண்டி மேலே தூக்குகிறார்கள். வேர் அறுந்து, சில நாளில் அந்த இடம் பழுத்துவிடுகிறது. சுற்றிலும் இருக்கும் புல்லை நடுவுக்குத் தள்ளி, மெல்ல அழுத்தவேண்டும். இதை ஒவ்வொருவனுக்கும் பக்கத்தில் குந்தியிருந்து காட்டிக்கொடுக்கிறேன்.

போன தை மாதம் ஒரு காலையில் புல்லெல்லாம் உறைபனி. ஒரு பையன் புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன். உறைந்த புல்லை மிதித்தால் இலை உள்ளேயே நொறுங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு கால்தடம் கால்தடமாகக் கருகித் தெரியும். பள்ளத்துத் தேயிலை மலையில் பனி விழுந்து கொழுந்து கருகுவதை வருடா வருடம் பார்த்தவன் நான், எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, வெயில் படும்வரை எல்லோரையும் காத்திருக்கச் சொன்னார். இப்போது பனி விழுந்தால் முதலில் என்னிடம்தான் கேட்கிறார்.

மகன், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்றே என் ஆயுள் போனது. 60 வயதில் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த அந்தச் சில மாதங்கள் எனக்கு எவ்வளவு கொடுமையாக இருந்தன என்று அம்மாவைக் கேள். கை நிறையத் தொழில் தெரியும், கேட்பதற்கு ஆளில்லை. இந்த மைதானத்தில் என்னைக் கேட்கிறார்கள். இதைக் கூலித்தனம் என்று நீ சொல்வதை என்னால் ஏற்கமுடியாது. பூட்டனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கவில்லை. எனக்கு இருக்கிறது, நானாகவே போகிறேன்.

காசும் வேண்டியதுதான், அதை ஏன் மறைக்கவேண்டும்? ஊழியர் சேமலாப நிதியில் வந்த பணம் கூரைக்கும் உன் பயணத்துக்கும் சரியாகப் போனது. அம்மாவின் சீனி வியாதி மாத்திரைகளை இந்தச் சம்பளத்தில் வாங்குகிறேன். நீ எங்களுக்கு அனுப்புவதைக் குறைத்து, காணி வாங்கச் சேர். பரம்பரை பரம்பரையாகத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்துவிட்டோம். சொந்த நிலத்தில் நீ வீடு கட்டுவதைப் பார்க்கவேண்டும்.

முழங்கால் வலி இப்போது குறைவு. குளிர் அதிகமான நாளில் போகாமல் இருக்கவும் அனுமதி உண்டு. ஆகவே பயப்படாதே.

விடுமுறைக்குச் சித்திரையில் வராதே, சீசனில் ஊருக்குள் நடக்கவே இடமிருக்காது. தை மாதம் வா. காலையில் உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ஒரு நல்ல கம்பூட்ஸ் சோடி கொண்டுவா, அளவு 8. இங்கே வாங்கியது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

அன்புடன்,
அப்பா