ரீச்சருக்குப் பொன்னாடை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் 1ஆம் திகதி முதியோர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம். இரண்டும் கிட்டக் கிட்ட வருவதால் எங்கள் ஊரில் இம்முறை இரண்டையும் ஒரே விழாவாக வைத்து, ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். சந்தோசம். ஆனால் அவர் செய்த வேலை என்ன என்பது மேடையில் பேசப் போகிறவர்களுக்கு முழுதாகத் தெரியுமோ என்ற யோசனையில்தான் இதை எழுதுகிறேன். பெயர் போடவில்லை, அவருக்கு அது பிடிக்காது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஊர்களில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவர் அவர். இறுதிப் போர் நடந்த 2008இன் கடைசியிலும் 2009இலும் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனம் நகர நகரத் தானும் நகர்ந்து, தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளை இருத்தி எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பிறகு இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாம். அங்கேதான் அவர் வயதானவர்களைக் கவனிக்கத் தொடங்கினார். மலசலகூட வரிசையில் நிற்க முடியாது என்பதற்காகவே ஆச்சிமார் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டு, மயங்கி விழுவதும் சலக்கடுப்பில் தவிப்பதும் திடீரென்று ஆள் தெரியாமல் கதைப்பதுமாக இருந்தார்களாம். எல்லாரும் அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிட, இவர் மட்டும் போத்தலோடு பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கப் பண்ணி, கையைப் பிடித்துக் கூட்டிப் போய் வந்திருக்கிறார். அந்தப் பிரச்சினை இன்றைக்கும் இருக்கிறது. வீட்டுத்திட்ட வீடுகளில் கழிவறை வளவின் பின்பக்கம், குந்தியிருக்கிற மாதிரி. முழங்கால் வருத்தக்காரர் இரவில் எப்படிப் போவது? சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பி போட்டுக் கொடுத்தாலே பாதிக் கஷ்டம் தீரும் என்பார். கேட்ட வீடுகளில் மேசனைக் கூட்டிப் போய்ப் போடுவித்தும் இருக்கிறார்.

60 வயதில் பென்சன் எடுத்த பிறகு காலையில் சனசமூக நிலையத்தைத் திறந்து வாங்குகளைத் தட்டிப் போடுவது அவருடைய வேலையாகிவிட்டது. வருகிறவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர்கள், கைநாட்டுக்காரர். அவர்களுக்குத் தங்கள் பெயரை எழுதப் பழக்கினார். கொடுப்பனவுப் படிவத்தில் முதல் தடவை தானே கையெழுத்து வைத்த ஒரு ஆச்சியின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. அப்புறம் குளிசைகள். பிரஷருக்கு எது, சீனி வருத்தத்துக்கு எது, சாப்பாட்டுக்கு முன் எது என்று எழுத்துத் தெரியாதவருக்குச் சூரியன், நிலா கீறி உறையில் ஒட்டுவார். சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்வு குறைந்தால் முள் ஏறினதும் தெரியாது, அதனால் பின்னேரத்தில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், குனிய ஏலாவிட்டால் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வார். கனடாவில் இருக்கிற பேரனோடு போனில் முகம் பார்த்துக் கதைக்கப் பழக்கியதும் அவர்தான். ஆச்சிமார் நெல் அறுக்கும்போது பாடுகிற அருவி வெட்டுப் பாட்டுப் பாடினால் இவர் கொப்பியில் எழுதிக்கொள்வார்.

இதைவிடப் பெரிய விசயம், அவர் மற்றவர்களைப் பழக்கியது. படுக்கையில் கிடக்கிறவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் போடாவிட்டால் முதுகிலும் குதிக்காலிலும் புண் வரும். எப்படித் திருப்புவது, தன் இடுப்பு நோகாமல் எப்படித் தூக்குவது, விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு எப்படி நிமிர்த்தி வைத்துத் தீத்துவது, கேட்டதையே பத்துத் தரம் கேட்கிறவருக்குக் கோபப்படாமல் எப்படிப் பதில் சொல்வது, எல்லாவற்றையும் மருமக்களுக்கும் வேலை இல்லாமல் இருந்த இளம் பெண்களுக்கும் செய்து காட்டினார். பாசம் இருந்தால் போதும், தானாக வரும் என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படி வராது, படிக்கத்தான் வேண்டும்.

இப்போது அந்தப் பெண்களில் சிலர் பராமரிப்புப் பயிற்சிச் சான்றிதழும் எடுத்து இஸ்ரேலுக்கும் யப்பானுக்கும் போக விண்ணப்பித்திருக்கிறார்கள். போகட்டும், குற்றம் சொல்ல மாட்டேன், வீட்டில் கடன் இருக்கிறது. ஆனால் அதே வேலைக்கு இங்கே ஒருவரும் ஒரு சதம் கொடுப்பதில்லை என்பதுதான் என் கவலை. முதியோர் கொடுப்பனவை 2025இல் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆக்கினார்கள், நல்லதுதான், ஆனால் காசு வந்து ஒருவரைத் திருப்பிப் படுக்க வைக்காது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைகளிடம் பெற்றோர் பராமரிப்புச் செலவு கேட்கலாம். சரி, வன்னியில் எத்தனை பேருக்குக் கேட்கப் பிள்ளை இருக்கிறது? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 மாசி மாதத்திலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கொட்டகை போட்டு இருந்த தாய் தகப்பன்மாரில் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். மிச்சம் இருக்கிறவர்களுக்கு யார் தண்ணீர் கொடுப்பது?

ரீச்சருக்கும் இப்போது கண் மங்கிவிட்டது, நடை தளர்ந்துவிட்டது, நிலையத்தின் திறப்பு அநேகமாக ஆணியிலேயே தொங்குகிறது. அவரைக் கௌரவிக்க விரும்பினால் அவர் பழக்கிய பிள்ளைகளில் இரண்டு பேருக்காவது சம்பளம் கொடுத்து ஊரிலேயே வேலைக்கு வையுங்கள். ஒருவர் காலையில் நிலையத்தைத் திறந்து நடத்தட்டும், மற்றவர் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போகட்டும். கோயில் திருவிழாவுக்கு மனம் கோணாமல் காசு அனுப்புகிற எங்கள் வெளிநாட்டு உறவுகள் இதற்கும் ஒரு பங்கு தருவார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை. பிரதேச சபையின் அடுத்த வருடப் பாதீடு வருட முடிவுக்குள் சபைக்கு வந்துவிடும். அதில் இதற்கு ஒரு தொகை ஒதுக்கச் சொல்லி எங்கள் முதியோர் சங்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது. மற்ற ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து கொடுத்தால் உறுப்பினர்களால் தட்டிக்கழிக்க முடியாது.

இப்படிக்கு,
ரீச்சரிடம் படித்த ஒருத்தி,
கிளிநொச்சி