மாமாவுக்கு, அன்று நான் இழுத்த த்ராட்டிலைப் பற்றி

அன்புள்ள மாமா,

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விமானப்படையின் மிக்-21 போர் விமானங்களுக்கு விடைகொடுத்தார்களே, அன்றைக்கே இந்தக் கடிதத்தை எழுதியிருக்க வேண்டும். 1963-இல் வந்து 62 ஆண்டுகள் பறந்த விமானத்தின் கடைசி நாளைக் குன்னூர் வீட்டில் நீங்கள் யாரிடமும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள் என்று கோத்தகிரியில் இருந்தபடியே எனக்குத் தெரிந்தது. போனைக் கையில் எடுத்தேன், ஆனால் அழைக்கவில்லை. அத்தையும் தம்பிகளும் இதைப் படிப்பார்கள் என்பதால், அந்த விண்ணப்பத்தைப் பற்றியோ அப்பாவின் முன்னால் நீங்கள் பேசாமல் இருந்ததைப் பற்றியோ இங்கே எழுதப்போவதில்லை. எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியான அந்த த்ராட்டிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கூடத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் மிக்-21 பிஸ் ரக விமானத்தைத் தரையிறக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் மஃப்ளரைக் கழற்றாமலே என் நாற்காலிக்குப் பின்னால் நின்றீர்கள். ஓடுபாதையின் விளிம்பு தெரிந்ததும், வேகம் சற்று அதிகம் என்று நினைத்து, த்ராட்டிலை ஒரே இழுப்பாகக் கடைசிவரை இழுத்தேன். மூக்கு மேல்நோக்கியே இருக்க, விமானம் அப்படியே கீழே அமர்ந்தது. சக்கரங்கள் முறிந்தன. "மூக்கு மேலதான இருக்கு, எப்படி விழும்? இந்த சிமுலேட்டரே தப்பு" என்று கத்தினேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "எஞ்சினைக் குறைச்சா ஃப்ளாப்புக்குப் போற காத்தும் போயிடுமே, அப்புறம் எது தாங்கும்?" என்றீர்கள். அதற்கு நான், அத்தனை பேர் கேட்க, "நீங்க தரையில நின்னு எஞ்சின் கழட்டினவர்தானே, ஓட்டிப் பாத்தீங்களா?" என்றேன்.

நீங்கள் பதில் சொல்லவில்லை. குடையை எடுப்பதற்கு முன், இரண்டு விரல்களால் த்ராட்டிலைப் பாதிவரை முன்னே தள்ளி வைத்துவிட்டுப் போனீர்கள்.

அதன் பிறகு மூன்று ஆண்டுகள் நான் மிக்-21 பக்கமே போகவில்லை. 1998-இல் வெளிவந்து, இன்றும் ஆர்வலர்கள் தொடர்ந்து வளர்த்துவரும் ஃபால்கன் என்ற சிமுலேட்டரில் எஃப்-16 போர் விமானத்தை ஓட்டினேன். ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்தாலும், விமானத்தின் கணினி குறுக்கே நின்று ஒன்பது ஜி-க்கு, அதாவது புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு விசைக்கு, மேலும், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 25 டிகிரிக்கு மேலும் போகவிடாமல் பார்த்துக்கொள்ளும். பின்னால் நின்று யாரும் திருத்தாத விமானம் அது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒருநாள், செங்குத்தாக ஏறி வேகம் முழுவதையும் இழந்த நிலையில், கணினியின் கட்டுப்பாட்டையும் மீறி அது, இறக்கை தூக்குவிசையை இழந்து மீள முடியாமல் தவிக்கும் ஆழ்ந்த ஸ்டாலில் மாட்டிக்கொண்டது. மூக்கு மெல்ல ஆடிக்கொண்டிருக்க, இலை உதிர்வதுபோல விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. கணினியின் தடையை நீக்கும் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஏறும்போது ஸ்டிக்கை இழுத்தும் இறங்கும்போது முழுவதும் தள்ளியும், ஊஞ்சலுக்கு வேகம் கொடுப்பதுபோல அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கினால்தான் மீளலாம். பொறுமையாக ஆட்டத்தின் தாளத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது என் தோளுக்குப் பின்னால் நீங்கள் நிற்பதாகவே தோன்றியது.

அன்று இரவே மிக்-21ஐத் திறந்தேன். நீங்கள் அரை வாக்கியத்தில் சொன்னதை முழுமையாகப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து பிரித்தெடுத்த சூடான காற்று, இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கிய மடலான ஃப்ளாப்பின் மேற்பரப்பில் ஊதப்படுகிறது. இறக்கையைத் தழுவி ஓடும் காற்று பிய்ந்து போகாமல் ஒட்டியிருக்க அது உதவுவதால், அந்தச் சிறிய முக்கோண இறக்கை தரையிறங்கும் வேகத்திலும் பாரத்தைத் தாங்குகிறது. அடுப்பைத் தணித்தால் குக்கரின் வெயிட் கீழே உட்கார்ந்துவிடுவதைப் போல, எஞ்சின் சுழற்சி குறைந்தால் அந்த ஊதலும் தளர்ந்து, தூக்குவிசை போய்விடுகிறது. தவறை உணர்ந்து த்ராட்டிலை முன்னே தள்ளினாலும், எஞ்சின் வேகமெடுக்கப் பல நொடிகள் ஆகும். தரை அவ்வளவு நேரம் காத்திருக்காது. முக்கோண இறக்கை வேறு, மற்ற இறக்கைகளைப் போலச் சட்டென்று சரிந்து எச்சரிப்பதில்லை. மூக்கைத் தூக்கத் தூக்கக் காற்றின் இழுவை பெருகி, மூக்கு மேலே பார்த்தபடியே விமானம் புதையத் தொடங்கும். சிமுலேட்டர் சரியாகத்தான் கணக்கிட்டிருந்தது. நீங்களும் சரியாகத்தான் சொன்னீர்கள். என்னை மன்னியுங்கள்.

ஆனால் மாமா, அரை வாக்கியம் போதும் என்று நீங்கள் ஏன் எப்போதும் நினைத்தீர்கள்? பதினான்கு வயதில் சிமுலேட்டரின் எளிய பறத்தல் முறையை நான் தேர்ந்தெடுத்தபோது, "இது பறக்கிறது இல்ல" என்று சொல்லி அதை அணைத்தீர்கள். ஒரு மாதம் முழுக்க ஓடுபாதையிலேயே விழுந்து எழுந்தேன். தினசரி காலண்டர் தாளின் பின்புறத்தில் நீங்கள் பென்சிலால் எழுதிக் கொடுத்த கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது: நேராகப் பறந்தால் எந்த வேகத்துக்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காமல் போகுமோ, அதன் இரு மடங்கு வேகத்தில்தான் நான்கு ஜி-யில் திரும்ப முடியும், மும்மடங்கில்தான் ஒன்பது ஜி. அவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவருக்கு, நான் கேட்ட ஒரு விஷயத்துக்கு மட்டும் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேச வாய் வரவில்லை. எழுத மாட்டேன் என்று சொன்னதை எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

இதுவரை நாற்பது முறைக்கு மேல் தரையிறங்கியிருக்கிறேன், எஞ்சினைக் குறைக்காமலே. மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் த்ராட்டிலை இழுக்கிறேன். என் கை அதற்குள் பின்னால் போகத் துடிப்பதைத் தடுக்க, கட்டைவிரலை மேசையின் விளிம்பில் ஊன்றிக்கொள்கிறேன். ஆனால் எஞ்சினின் ஒலி மாறுவதைக் கேட்டே சுழற்சியைச் சொல்லும் உங்கள் காது எனக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் முள்ளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த ஒரு நொடியில் ஓடுபாதை விலகிவிடுகிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்டிக்கையும் த்ராட்டிலையும் மூட்டை கட்டிக்கொண்டு குன்னூருக்கு வருகிறேன். முதல் தரையிறக்கம் முடியும்வரை நீங்கள் எதுவும் சொல்லக் கூடாது. இரண்டாவது தரையிறக்கத்தில் த்ராட்டில் உங்கள் கையில் இருக்கட்டும்.

உங்கள் மருமகன்