கல்யாணத்துக்கு வர முடியாதவள் எழுதுவது

சான் பாப்லோ, லகுனா மாகாணம்
பிலிப்பைன்ஸ்
திங்கட்கிழமை

அன்புள்ள சுமி,

தை மாதம் கல்யாணம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் சத்தம் போட்டுவிட்டேன். பின்னால் துணி அலசிக்கொண்டிருந்த என் கம்பானியன் (என்னோடு ஜோடியாக ஊழியம் செய்கிறவள்) சோப்புக் கையோடு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் சேர்ந்து குதித்தாள். உன்னை அவள் பார்த்ததே இல்லை, ஆனால் நம் பள்ளிக்கூடக் கதை எல்லாம் அவளுக்குத் தெரியும்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். என்னால் வர முடியாது. எங்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் (மோர்மன் என்பார்களே, அதுதான்) விசுவாசத்தைச் சொல்லப் போகிற இந்த ஊழியம் பெண்களுக்குப் பதினெட்டு மாதம், ஆண்களுக்கு இரண்டு வருடம். நடுவில் லீவு போட்டு ஊருக்கு வருவது என்ற பேச்சே இல்லை. கூடப் பிறந்தவர்கள் கல்யாணத்தையே தவறவிட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். கிளம்பும்போதே இது தெரியும். தெரிந்திருந்தாலும் உன் கல்யாணத்தில் நான் இல்லை என்பது மனசுக்கு ஆறவில்லை, சுமி. உனக்கு ஜடை பின்னிப் பூ வைப்பது நான்தான் என்று எட்டாம் வகுப்பிலேயே பேசி வைத்திருந்தோம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "நாள் பூரா அங்கே என்னதான் பண்றே?"

காலை ஆறரைக்கு எழ வேண்டும். ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், எங்களுக்கு ஆறரை. அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. அப்புறம் வேதம் படிப்போம்: முதலில் தனியாக, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து. எனக்கு அதற்கு மேல் இந்த ஊர் மொழியான தகாலோக் பாடம் வேறு. வெயில் ஏறுகிற நேரத்துக்குக் குடையோடு தெருவில் இறங்குவோம். ஒன்பது, ஒன்பதரைக்கு வீடு திரும்பி, பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். சினிமா, சீரியல் எதுவும் கிடையாது. திங்கட்கிழமை மட்டும் பகலில் எங்களுக்கான நேரம்: துணி துவைப்பது, சந்தைக்குப் போவது, மெயில் எழுதுவது, வீட்டுக்கு வீடியோ கால். வாரா வாரம் வீட்டாரோடு பேசலாம் என்பது 2019இல்தான் வந்தது. அதற்கு முன் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். அம்மா எப்படித் தாங்கியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் பிள்ளைகளை அனுப்பிய அம்மாக்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

சம்பளமா என்று உன் சித்தப்பா கேட்டதாக எழுதியிருந்தாய். ஒரு பைசா கிடையாது. எங்கள் செலவை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் முறை. அமெரிக்கப் பிள்ளைகள் 2020இலிருந்து மாதம் 500 டாலர் கட்டுகிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் முடிந்ததைப் போட்டால் மீதியைச் சபையின் நிதி பார்த்துக்கொள்ளும். ஆடிட்டர் ஆபீஸில் நான் வாங்கிய சம்பளமெல்லாம் இதற்குத்தான் போனது. அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை.

நெஞ்சில் ஒரு கறுப்புப் பெயர்ப் பட்டை குத்தியிருப்பேன், போட்டோவில் பார்த்திருப்பாய். அதில் "சிஸ்டர்" என்று போட்டு, பின்னால் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயர் அப்படியே பட்டைக்கு வந்துவிட்டது. இந்த ஊரில் சின்னப் பிள்ளை முதல் கிழவி வரை என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்து கோயம்புத்தூரைத் தாண்டாத மனுஷன். அவர் பெயரைத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு ஊர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னபோது அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

தென்னந்தோப்பு என்றேன் இல்லையா, இந்த ஊர் அச்சு அசல் பொள்ளாச்சிதான். ஏழு ஏரி இருக்கிறது, பக்கத்தில் பனஹாவ் மலை, எங்கே திரும்பினாலும் தென்னை. மூன்று வேளையும் சோறு. கோழிக்குழம்பில் முருங்கைக்கீரை போடுகிறார்கள், மீனைப் புளித்தண்ணீரில் வேகவைக்கிறார்கள். கறிவேப்பிலை மட்டும் கண்ணில் படவில்லை. மழைக்காலத்தில் புயல் சிக்னல் ஏற்றிவிட்டால் வெளியே போகக்கூடாது. கரண்ட் இல்லாத வீட்டில் தண்ணீர்க் குடங்களோடு உட்கார்ந்திருப்போம். டீயும் காபியும் எங்கள் சபையில் ஆகாது என்பது உனக்கே தெரியுமே. எனக்காகத் தனியாகப் பால் ஆற்றித் தருகிற உன் அம்மாவை இங்கே யார் வீட்டில் தட்டை நீட்டினாலும் நினைத்துக்கொள்கிறேன்.

தெருவில் என்னைப் பார்த்ததும் பிள்ளைகள் "பும்பாய்! பும்பாய்!" என்று கத்துவார்கள். இந்தியர் என்றாலே இவர்களுக்கு பைக்கில் வந்து வட்டி வசூலிக்கிற பஞ்சாபிக்காரர்கள்தான். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும், "ஐந்து-ஆறு" என்றே அதற்குப் பெயர். அடம்பிடிக்கிற பிள்ளையைப் பும்பாய் பிடித்துப் போய்விடுவான் என்று மிரட்டுவார்களாம். அதனால் நான் கேட்டுக்கு வெளியே நின்று "தாவோ போ" என்று குரல் கொடுத்தால் (இங்கே கதவைத் தட்டுகிற வழக்கம் இல்லை) உள்ளே ஒரு நொடி எல்லாம் அடங்கிவிடும். யாரோ கடன்காரி வந்துவிட்டாள் என்று. அப்புறம் என் கம்பானியன் முகத்தைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே நாற்காலி எடுத்துப் போடுவார்கள். வேண்டாம் என்று சொல்பவர்கள்தான் அதிகம். பத்துப் பேரில் எட்டுப் பேர் கத்தோலிக்கர், அவர்கள் தெய்வம் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்பதைக்கூட இவ்வளவு மரியாதையாகச் சொல்கிற ஜனங்களை நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனால் முதல் வார்த்தையே "வாங்க சாப்பிடலாம்" என்பதுதான்.

அப்படி ஒரு பாட்டி. தேவாலயத்தில்தான் ஞானஸ்நானம், அங்கேதான் அடக்கம், அதில் மாற்றமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் உட்காருங்கள், இந்த வெயிலில் போகாதீர்கள் என்றார். வாசலில் ஓலையைக் குவித்து வைத்து ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தார், சீமாறு கட்டி விற்க. எனக்குக் கை சும்மா இருக்குமா? எங்கள் அம்மாயி வீட்டில் லீவுக்குப் போனால் இதுதானே வேலை. ஓலையைக் கிழித்து, கத்தியை ஈர்க்கோடு சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில் பச்சையை உரித்துக் காட்டினேன். பாட்டி என் கையைப் பிடித்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது வாரம் ஒரு நாள் அங்கே போய்ச் சீவிக் கொடுத்துவிட்டு வருகிறோம். கிளம்பும்போது இங்கத்து வழக்கப்படி அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வேன். ஒரு ஜெபம் சொல்லட்டுமா என்று கேட்டால் சொல்லு என்று கண்ணை மூடிக்கொள்வார்.

இதுவரை எத்தனை பேரை மாற்றினாய் என்றும் உன் சித்தப்பா கேட்டிருந்தார். நேராகவே பதில் சொல்கிறேன். நான் நம்புவதை நாலு பேர் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. இல்லாவிட்டால் இங்கே வந்திருக்க மாட்டேன். கேட்டுவிட்டு ஏற்பதும் விடுவதும் அவரவர் இஷ்டம். மிரட்டியோ ஆசை காட்டியோ ஒருவரைத் தண்ணீருக்குள் இறக்கினால் அதற்குப் பெயர் விசுவாசம் இல்லை. எங்கள் வீடு இந்தச் சபைக்கு வந்தபோது எங்களை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை என்பது உனக்குத் தெரியும். 2018இல் பெங்களூரில் எங்கள் சபையின் ஆலயம் கட்டப்போவதாக அறிவித்த அன்று அம்மா எப்படி அழுதாள் என்று நீ பக்கத்தில் இருந்து பார்த்தவள். பயிற்சிக்காக கெசோன் சிட்டியில் ஆறு வாரம் இருந்தபோது அங்குள்ள மணிலா ஆலயத்துக்குள் போனேன். 1984இலிருந்து இருக்கிறது. அம்மா இன்னும் ஒரு ஆலயத்துக்குள்ளும் போனதில்லை. அன்று அவளையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். மெயிலின் கடைசியில், "முன்னே பின்னே தெரியாத ஒருத்தர்கூட ஒரே வீட்டுல எப்படிடி இருக்கறது, பயமா இருக்கு" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். மற்றதெல்லாம் புடவை, மண்டபம். அந்த ஒரு வரிதான் நீ.

எனக்குக் கம்பானியனை ஊழியத் தலைவர் போடுகிறார். என்னைக் கேட்பதில்லை, அவளையும் கேட்பதில்லை. போட்டது போட்டதுதான். ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில்தான் மற்றவர் இருக்க வேண்டும். குளியலறை தவிர எங்கேயும் தனியாக இருக்க முடியாது. இவள் மிண்டனாவோ தீவுக்காரி. இந்த ஊர் மொழி இவளுக்குமே இரண்டாவது மொழிதான். வந்த புதிதில் வீட்டுக்குள் பேசவே மாட்டாள். தெருவில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துவிடுவாள், நான் பின்னாலேயே ஓட வேண்டும். கரண்ட் போன இரவுகளில் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பது எனக்குக் கோபமாக வரும்.

எங்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. வாரம் ஒரு தடவை, வேலைத் திட்டமெல்லாம் போட்டு முடித்த பிறகு, எதிரெதிரே உட்கார்ந்து நம் இரண்டு பேருக்குள் எப்படிப் போகிறது என்று பேச வேண்டும். நல்லதையும் சொல்ல வேண்டும், உறுத்துவதையும் சொல்ல வேண்டும். முடிவில் சேர்ந்து ஜெபம். நம் வீடுகளில் இப்படி ஒரு பழக்கம் ஏது? நம் வீட்டில் கோபம் வந்தால் பாத்திரம்தான் பேசும். அதனால் எனக்கு வாயே வரவில்லை. ஒரு வழியாக, நீ ஏன் என்னை விட்டுவிட்டு முன்னால் போகிறாய் என்று கேட்டேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "நாய்" என்றாள். இந்தத் தெருக்களில் நாய்கள் அதிகம், நான் நாய்க்குப் பயப்படுவதை முதல் நாளே கவனித்துவிட்டாளாம். வந்தால் முதலில் தன் மேல் பாயட்டும் என்றுதான் முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். கோபத்தோடு நான் பார்த்துக்கொண்டிருந்த முதுகு அதற்காகத்தான் முன்னால் போயிருக்கிறது, சுமி.

அப்புறம் அவள் முறை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி சேர்ந்து ஜெபிக்கும்போது நீ தட்டுத் தடுமாறி தகாலோக்கில் சொல்கிறாய், உன் வீட்டில் எப்படிச் சொல்வாயோ அப்படிச் சொல், எனக்கு உன்னைக் கேட்க வேண்டும் என்றாள். அன்றிலிருந்து ராத்திரி ஜெபம் தமிழில்தான். அம்மா, அப்பா, அவளுடைய உடம்பு சரியில்லாத அம்மா, சீமாறு பாட்டி எல்லோரையும் சொல்வேன். ஒரு வார்த்தை புரியாது அவளுக்கு. முடியும்வரை தலை குனிந்து இருந்துவிட்டு ஆமென் சொல்வாள். இப்போது அந்த வரிசையில் நீயும் அவரும் இருக்கிறீர்கள். உன் பெயர் மட்டும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது, வந்ததும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

கல்யாணமும் இதுவும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபர் வரும். பிடிக்காத துணையாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். உனக்கு அப்படி இல்லை, மாமியார் மாமனார் வேறு இருப்பார்கள். ஆனால் அந்த வார உட்காரலை மட்டும் செய்து பார் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கால் மணி நேரம். அவருக்குக் கூச்சமாக இருந்தால் நீ ஆரம்பி. உறுத்துவதை முதலிலேயே எடுக்காதே, அந்த வாரத்தில் அவர் செய்த நல்லது ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்கு. கோபமாக இருக்கிற நாளில் உட்காராதே. பசியோடும் உட்காராதே, உன்னை எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் ஒரு புடவைக்குப் பணம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எடுக்கும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போ, நான் இல்லாத குறைக்கு அவள் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கட்டும். பச்சையில் எடு, உனக்குப் பச்சைதான். பத்திரிகை அடித்ததும் போட்டோ எடுத்து மெயிலில் போடு, திங்கட்கிழமை பார்த்துவிடுவேன். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து எழுது. இங்கே இரண்டரை மணி நேரம் முந்தி, கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

அவர் பெயர், வேலை, சொந்த ஊர் எல்லாம் எழுதினாய். ஆள் எப்படி, உன்னிடம் என்ன பேசினார், சிரிப்பாரா மாட்டாரா, ஒன்றும் எழுதவில்லை. அடுத்த திங்கட்கிழமைக்குள் அதை எழுதிவிடு.

அன்புடன்,
ஜெனி