காந்தி நகர் பிள்ளையார் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

அடையாறு காந்தி நகர் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தெருமுனைப் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்து, மண்டல பூஜையும் நிறைவு பெற்றுவிட்டது. பணம் கொடுத்தவர்கள், நேரம் கொடுத்தவர்கள், மாதக்கணக்கில் தூசியையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோருக்கும், என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்று சொல்ல வேண்டியது குழுவின் கடமை. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் நகரைப் பற்றிய சில பழைய விவரங்களையும் சேர்த்திருக்கிறோம்.

வடக்கே அடையாற்று நதி, மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே சர்தார் படேல் சாலை. இவற்றுக்குள் அடங்கிய சின்ன இடம்தான் நம் நகர். 1940களின் கடைசியில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் மூலம் மனை பிரித்து உருவானது. மெயின் ரோடுகள், குறுக்குத் தெருக்கள், வளைந்து போகும் கிரசென்ட் பார்க் சாலை எல்லாம் அன்றைய திட்டத்தில் போட்டவை. அந்தக் காலத்தில் ஆற்றுக்குத் தெற்கே குடிவருவது என்றால் ஊரை விட்டுப் போவது போலத்தான். எல்ஃபின்ஸ்டன் பாலத்தைத் தாண்டி வரவேண்டும், பக்கத்தில் திரு.வி.க. பாலம் திறந்ததே 1973இல்தான். ஓய்வூதியப் பணத்திலும் கூட்டுறவுக் கடனிலும் வீடு கட்டிய பலரின் மனைகள்தான் இன்று கோடிகளில் விலை போகின்றன. தனி வீடுகள் குறைந்து அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அப்படியிருந்தும் தூங்குமூஞ்சி மர நிழலில் காலை நடை போக முடிகிற தெருக்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களின் இடத்தில் நட்ட கன்றுகளும் வளர்ந்து வருகின்றன.

பிள்ளையாருக்கு வந்த கஷ்டம் ரோட்டால் வந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில், கோயில் வாசல் தெருவைவிட முழங்கால் அளவு பள்ளத்துக்குப் போய்விட்டது. சாதாரண மழைக்கே கருவறைக்குள் தண்ணீர் வரும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவை யாரும் மறந்திருக்க மாட்டோம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். ஆற்றை ஒட்டிய தெருக்களில் மாடி ஏறித்தான் தப்பித்தோம். அதற்கப்புறம் கோயில் சுவரின் ஈரம் காயவே இல்லை. 2023இல் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் தண்ணீர். இனி பூச்சு வேலை பார்த்துப் பயனில்லை, கோயிலை உயர்த்தியே ஆகவேண்டும் என்று பொதுக்குழு முடிவு செய்தது அப்போதுதான்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் விமானத்தில் இருக்கும் பழைய சுதைச் சிற்பங்கள் நல்ல கைவேலை. அவற்றை இழக்க ஸ்தபதியும் விரும்பவில்லை, நாங்களும் விரும்பவில்லை. அதனால் பாலாலயம் செய்து மூலவரைப் பக்கத்துக் கொட்டகைக்கு எழுந்தருளச் செய்துவிட்டு, கட்டடத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சென்னையில் பல வீடுகளுக்குச் செய்யும் அதே முறைதான். சுற்றிலும் அடித்தளம் வரை தோண்டி, சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக இரும்புச் சட்டம் நுழைத்து, வரிசையாக ஜாக்கிகளை நிறுத்தி, ஒரே குரலுக்கு எல்லோரும் சேர்ந்து திருகுவார்கள். ஹரியானாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் அந்த வேலையை அவ்வளவு பொறுமையாகச் செய்தார்கள். சிற்பங்களில் ஒரு விரிசல்கூட விழவில்லை. அவர்களுக்குக் குழு மனமார நன்றி சொல்கிறது.

அப்புறம் கருங்கல் மேல் அடித்திருந்த எனாமல் பெயின்ட்டையும், ஒட்டியிருந்த டைல்ஸையும் எடுத்தோம். மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் கல்லின் மேல்தோல் போய்விடும் என்பதால் கையால்தான் வேலை. சுதைக்கு சிமென்ட் தொடவில்லை. கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புதான். கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, வெண்மெழுகு, எருமை வெண்ணெய், செம்பஞ்சு, ஜாதிலிங்கம் என்று எட்டுப் பொருளும் தரமாக வாங்கி, இடித்து, மூலவரைப் பீடத்தோடு ஒட்டவைக்கும் அஷ்டபந்தன மருந்தைச் சாற்றினோம். மருந்து இடிக்க நம் தெரு வாட்ச்மேன்களும், இஸ்திரி வண்டிக்காரரும், வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் முறைபோட்டு வந்தார்கள்.

நிதி விஷயத்தில் சிலருக்கு வருத்தம் உண்டு என்பது தெரியும். முழுச் செலவையும் ஒருவரே ஏற்க முன்வந்தார். வசதியுள்ள நகரில் பணம் சேர்ப்பது பெரிய காரியமில்லை. ஆனால் ஒருவர் பணத்தில் கட்டினால் அது அவர் கோயிலாகிவிடும். அதனால்தான் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்தோம். பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது போட்டோம். உபயதாரர் பெயரைக் கல்லிலோ டியூப்லைட்டிலோ எங்கும் எழுதவில்லை. மனமுவந்து அதிகம் கொடுக்க வந்து திரும்பியவர்கள் குழுவின் மேல் கோபப்படாமல் இருக்க வேண்டுகிறோம். ராஜகோபுரம், ஏசி மண்டபம் என்று வந்த யோசனைகளையும் இதே காரணத்தால்தான் ஏற்கவில்லை. பிள்ளையார் தெருமுனைப் பிள்ளையாராகவே இருக்கட்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

திட்டத்தில் இல்லாத ஒரு வேலையையும் செய்தோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை நம் நகரை ஒட்டித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும் நோயாளிகளும் உடன் வருபவர்களும் அங்கே வருகிறார்கள். சிகிச்சைக்குக் காத்திருக்கும் நேரத்தில் நம் கோயில் அரசமரத்தடியில் வந்து உட்காருவார்கள். மதில் சுவரை உயர்த்தி கேட் போட வேண்டும் என்று பாதுகாப்புக்காகக் கேட்டவர்களின் கவலை நியாயமானதுதான். ஆனாலும் கவலையோடு ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது. அதனால் மதிலைத் தாழ்வாகவே விட்டு, வெளிப்பக்கம் நீளமாக ஒரு திண்ணையும் குடிநீர்க் குழாயும் வைத்தோம். பாதுகாப்புக்கு ஒரு கேமராவும் விளக்கும் போட்டிருக்கிறோம். குழு செய்த வேலைகளில் எங்களுக்கு மிகவும் திருப்தி தருவது இந்தத் திண்ணைதான்.

படி ஏற முடியாத பெரியவர்கள் நம் நகரில் நிறையப் பேர். பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், இவர்கள் இங்கே தனியாக. தரை உயர்ந்துவிட்டதால், சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதையும் கைப்பிடியும் அமைத்தோம். அபிஷேக நீரும் கூரை மழைநீரும் வடிகட்டித் தொட்டி வழியாகப் பழைய கிணற்றுக்குப் போகின்றன.

இனி ரோட்டைக் கவனிக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவு வந்திருக்கிறது. அடுத்த முறை ரோடு போடும் வண்டி வரும்போது தெருவுக்கு இருவராவது நின்று அளவு பார்க்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் செயலாளரிடம் சொல்லவும்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை இதனுடன் இணைத்திருக்கிறோம். செலவு போக மீதமுள்ள தொகை, பொதுக்குழு முடிவு செய்யும்வரை, வங்கியில் வைப்பு நிதியாக இருக்கும். அதன் வட்டியை அர்ச்சகர் சம்பளத்துக்கும் குழாய்த் தண்ணீருக்கும் பயன்படுத்தலாம் என்பது குழுவின் பரிந்துரை. ரசீதுகளை ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு